காத்திருந்த பெண்கள் வரைந்த படங்கள்



ரியாதில் வேலை செய்யும் மச்சான் போன கிழமை ஒரு வீடியோ அனுப்பினார். ஹாயில் பிரதேசத்துப் பாலைவனம். வெயிலில் நடந்து நடந்து ஒரு பாறைப் பள்ளத்தாக்குக்குள் போகிறார்கள். சுவர் மாதிரி நிற்கும் பாறையில் வில் பிடித்த வேடன், பக்கத்தில் கயிற்றில் கட்டிய நாய்கள். யுனெஸ்கோ 2015இல் உலக மரபுரிமையாக அறிவித்த செதுக்கல்கள் அவை. பல்லாயிரம் வருஷப் பழமை. கடைசியில் மச்சான் கேட்டார்: "நம்மட நாட்டுல இப்பிடி ஒண்டு ஈக்கா?"

ஈக்கு மச்சான். நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கதையில் எனக்கு ஒரு வெட்கமும் இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆசிரியர் கலாசாலையில் படித்த காலம். ஸுபஹ் தொழுதுவிட்டு நுகேகொடையிலிருந்து ஒரு வேனில் எட்டுப் பேர் புறப்பட்டோம். அனுராதபுரம் தாண்டி வடமேற்கே, வில்பத்துக் காட்டின் ஓரத்தில் தந்திரிமலை. பக்கத்தில் ஓடுவது மல்வத்து ஓயா. மன்னார்க்காரர் அருவி ஆறு என்று சொல்வது இதே ஆற்றைத்தான். அங்கே பாறையில் செதுக்கிய பெரிய புத்தர் சிலைகளைப் பார்த்துவிட்டு அனேகம் பேர் திரும்பிவிடுவார்கள். வெறும் பாறை மேல் கொஞ்சம் நடந்தால் குகைகள் வரும். மத்தியான வெயிலில் பாறை அடுப்புக்கல் மாதிரி கொதித்தது.

குகைச் சுவரில் விரல் அகலக் கோடுகள். மனித உருவங்கள், மிருகங்கள், என்னவென்று விளங்காத அடையாளங்கள். மங்கலாக இருந்தன. எங்களில் ஒருவர், "தண்ணி தெளிச்சா போட்டோ நல்லா விழும்" என்று போத்தலைத் திறந்தார். சரியில்லை என்று மனசு சொன்னது. நான் வாய் திறக்கவில்லை. ஒரு தடவை தெளித்தும் விட்டார். அங்கே நின்ற ஊர்ப் பெரியவர் ஒருவர் சிங்களத்தில் சத்தம் போட்ட பிறகுதான் கை நின்றது. ஆசிரியர்களாகப் போகிற எட்டுப் பேருக்கும் அந்தப் படம் எதனால் வரைந்தது என்று தெரியாது.

பிறகுதான் தேடிப் படித்தேன். செலிக்மன் என்ற ஆங்கிலேயத் தம்பதி நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன் இந்நாட்டு வேடர்களோடு பழகி, 1911இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். குகைப் படங்களைப் பற்றிக் கேட்டபோது வேடர்கள் சொன்னது இதுதான்: வரைவது பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் வேட்டைக்குப் போனபின், அவர்கள் திரும்பும்வரை காத்திருக்கும் நேரத்தில், சாம்பலை எச்சிலில் குழைத்து விரலால் வரைவார்கள். வில் பிடித்த மனிதன், நாய், மான், சிறுத்தை, உடும்பு.

சாம்பலும் எச்சிலும். அதன் மேல்தான் நாங்கள் தண்ணீர் தெளிக்கப் போனோம்.

அந்த வில்லுக்கும் ஒரு கதை உண்டு. களுத்துறை மாவட்டத்தில், புளத்சிங்களப் பக்கம் பாகியன்கல குகை. அங்கே கிடைத்த எலும்பு முனைகளை ஆராய்ந்தவர்கள் 2020இல் வெளியிட்ட முடிவு: சுமார் 48,000 வருஷத்துக்கு முன்பே இங்குள்ளோர் வில்லும் அம்பும் வைத்திருந்தார்கள். நம் வீட்டிலிருந்து காலையில் போய்ப் பின்னேரம் திரும்பக்கூடிய தூரம்தான்.

வகுப்பில் பிள்ளைகளிடம் இந்நாட்டு வரலாறு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் விஜயனின் கப்பல் என்பார்கள். யார் முதலில் வந்தது என்று சண்டை பிடிக்கும் நாடு இது. "நீங்கள் பிறகு வந்தவர்கள்" என்ற பேச்சை நாமும் கேட்டிருக்கிறோம். கப்பலுக்கும் கல்வெட்டுக்கும் முன்னால் இங்கே ஒரு மனுசி, போன புருஷன் பத்திரமாக வருவானா என்று விரலில் சாம்பலோடு குந்தியிருந்தாள். அவளுக்குப் பிறகு வந்தவர்கள்தான் நாம் எல்லோரும். அவளுடைய ஆட்கள் அழிந்தும் போகவில்லை. வாகரைப் பக்கம் கரையோர வேடர் இன்று தமிழ்தான் பேசுகிறார்கள்.

லீவு வருகிறது. பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். பன்சலை இருக்கும் இடம். உடையிலும் பேச்சிலும் அடக்கம் வேண்டும். படங்களைத் தொட வேண்டாம், நனைக்க வேண்டாம், பக்கத்தில் பெயர் எழுத வேண்டாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி தொல்பொருளைச் சேதப்படுத்துவது குற்றம். 2019 ஜனவரியில் ஹொரவப்பொத்தானையில் பழைய தூபியின் மேல் ஏறிப் படம் எடுத்த பல்கலைக்கழக மாணவர்கள் கைதானபோது சமூகமே தலைகுனிந்து பதில் சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் அல்ல. அது நமக்கும் சேர்த்து விட்டுப்போன சொத்து. யாராவது பக்கத்தில் நின்று போத்தலைத் திறந்தால், நான் நின்ற மாதிரி நிற்காதீர்கள். வாயைத் திறந்து சொல்லுங்கள்.