பெரிய துப்பாக்கி வேட்டைக்கு உதவியதா?

காட்டோரத்து ஊர்களுக்குப் போனால், நான் உரத்தைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைப் போட்டு விடுகிறார்: "ஐயா, யானைக்கும் பன்றிக்கும் எங்க துப்பாக்கி பத்தலீங்க. அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் வெச்சிருந்தானே பெரிய துப்பாக்கி, அது இருந்தா சமாளிச்சிடலாம் இல்லீங்களா?" அந்தப் பெரிய துப்பாக்கியின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். பயிர் சங்கதி இல்லையே என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள்.

முதலில் அளவைச் சொல்லி விடுகிறேன். 19-ஆம் நூற்றாண்டில் ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை உருண்டையாகப் பிரித்தால் ஓர் உருண்டை குழலுக்குள் சரியாக இருக்குமோ, அந்த எண்ணிக்கைதான் துப்பாக்கியின் அளவு. 12 போர் என்றால் பவுண்டுக்கு 12 உருண்டை. 4 போர் என்றால் நாலே உருண்டை. அதில் ஒரு குண்டு 113 கிராம்; குழலின் வாய் ஓர் அங்குலத்துக்கும் சற்றுக் கூடுதல். எண் குறையக் குறையத் துப்பாக்கி பெரிது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இவ்வளவு பெரிய குண்டு எதற்கு? அன்று இருந்தது கரிமருந்து. வெடியுப்பு, கந்தகம், அடுப்புக்கரி சேர்ந்தது. அதை எவ்வளவு கெட்டித்தாலும் குண்டின் வேகம் ஓரளவுக்கு மேல் ஏறாது. ஈயமோ மெத்தென்ற உலோகம். கெட்டியான எலும்பில் பட்டால் சப்பிப் போகும். வேகத்தைக் கூட்ட வழியில்லை, ஆகவே எடையைக் கூட்டினார்கள். யானையின் மண்டையோ சாமானியமானது இல்லை. எலும்புக்குள் தேன்கூடு மாதிரி காற்றறைகள் அடுக்கடுக்காக இருக்கும். மூளை அதற்கும் பின்னால், தாழ்வாக, ஆழத்தில் இருக்கிறது. நெற்றியில் எங்கேயோ படுகிற குண்டு மூளைக்குப் போகாமல் வழியிலேயே நின்று விடும்.

சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் இலங்கையில் நுவரெலியாவில் பண்ணை வைத்திருந்தவர். இங்கிலாந்திலிருந்து மாடும் வேலையாட்களும் கப்பலில் கொண்டு வந்து விவசாயம் செய்து பார்த்தார். அந்த வகையில் நம்ம ஆள்தான்! யானை வேட்டைக்கு அவர் செய்யச் சொல்லி வாங்கிய துப்பாக்கி ஒன்றின் எடை 21 பவுண்டு, அதாவது ஒன்பதரைக் கிலோ. பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போனபோது அரைப் பவுண்டு குண்டு போடுகிற இன்னொன்றை எடுத்துப் போனார். அதற்கு அவர் வைத்த பெயர் 'குழந்தை'. சுட்டால் ஆளையே சுழற்றி விடும் என்று அவரே எழுதியிருக்கிறார். அதனால் அதை அபூர்வமாகத்தான் கையில் எடுத்தார்.

அடுத்து பிரெடரிக் செலூஸ். 1870-களில் தென்னாப்பிரிக்கப் பக்கம் தந்தத்துக்காக யானை வேட்டையாடியவர். அவரிடம் இருந்தவை வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற 4 போர் துப்பாக்கிகள் இரண்டு. விலை ஆறே பவுன். மருந்தை அளந்து போடுவதில்லை; தோல் பையிலிருந்து கையால் அள்ளிப் போடுவார்கள். மூன்று பருவத்தில் 78 யானைகளை வீழ்த்தினார். ஆனால் துப்பாக்கியின் எடை பன்னிரண்டரைப் பவுண்டுதான். அவ்வளவு மருந்துக்கு அது போதாது. உதைப்பு முழுவதும் தோளில் இறங்கியது. ஒருநாள் உதவியாள் தவறி இரண்டு தடவை கெட்டித்து விட்டான். விசையை இழுத்ததும் செலூஸ் தூக்கி எறியப்பட்டு மண்ணில் முகம் குப்புற விழுந்தார். துப்பாக்கி அவர் தோளைத் தாண்டிப் பின்னால் போய் விழுந்தது. அந்தத் துப்பாக்கிகளைத் தொட்டதற்கே வருந்துவதாகவும், தம் நரம்புத் தைரியத்தை அவை கெடுத்து விட்டதாகவும் பிற்காலத்தில் எழுதினார். இதைக் கவனியுங்கள். உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கும்போதே முகத்தைச் சுளிப்பான், குறி தவறிப் போகும்.

பிறகு வேதியியல் வந்து கணக்கை மாற்றியது. 1880-களில் புகையில்லாத மருந்து கண்டுபிடித்தார்கள். குண்டின் வேகம் ஏறியது. ஈயத்துக்கு மேலே கெட்டி உலோகத்தில் உறை போட்டார்கள். எலும்பில் பட்டும் சப்பாமல் உள்ளே போயிற்று. இதைப் பயன்படுத்திக் கொண்டவர் ஸ்காட்லாந்துக்காரரான பெல். அவர் சுட்ட யானைகள் ஆயிரத்துக்கும் மேலே. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அவர் எடுத்தது 7 மில்லிமீட்டர் துப்பாக்கி! அதன் குண்டு சுமார் 11 கிராம். பழைய வெள்ளி ரூபாய் ஒன்றின் எடைகூட வராது. செலூஸ் போட்டதில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் பெல் யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, மூளை எங்கே இருக்கிறது என்று பார்த்துப் படித்தவர். வேலை செய்தது அந்தப் படிப்புதான்.

அதற்காகச் சின்னத் துப்பாக்கியே போதும் என்று முடிவு கட்டி விடாதீர்கள். பெல் சுட்டது பெரும்பாலும் அதிகம் வேட்டையாடப்படாத பிரதேசத்தில், நின்று நிதானித்து. அடர்ந்த புதருக்குள்ளே பாய்ந்து வருகிற யானைக்கு முன்னால் அந்த நிதானம் எத்தனை பேருக்கு வரும்? குறி சற்றுத் தப்பினாலும் கனமான குண்டு மிருகத்தை ஒரு கணம் தடுமாற வைக்கும். அதனால்தான் ஆப்பிரிக்காவில் பல நாடுகள் யானை போன்ற மிருகங்களுக்கு இன்ன அளவுக்குக் குறையக் கூடாது என்று சட்டம் போட்டன. பெரிய துப்பாக்கி அந்த நெருக்கடிக்கு மட்டும் உபயோகம். எனக்கு விளங்கிய வரையில் நியாயமான தீர்ப்பு அதுதான்.

இனி நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கிக்கு வருவோம். அதில் போவது கரிமருந்தும் ரவையும் இரும்புத் துண்டும். பேக்கருடைய எடையும் அதில் இல்லை, பெல்லுடைய வேகமும் இல்லை. தோலைக் கிழிக்கும், சீழ் வைக்கும், கொல்லாது.

அந்த அரைகுறைக் காயம் என்ன செய்யும் என்பதற்கு வட இந்தியாவில் குமாவுன் மலையில் நடந்ததைக் கேளுங்கள். சம்பாவத் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பெண் புலி, நேபாளத்தில் கொன்றதையும் சேர்த்து 436 பேரைக் கொன்றது. 1907-இல் ஜிம் கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்தி வாயைப் பிளந்து பார்த்தார். வலது பக்கத்துக் கோரைப்பற்கள் மேலேயும் கீழேயும் உடைந்திருந்தன. என்றோ, யாரோ சுட்ட குண்டு பட்ட காயம். மானையும் பன்றியையும் பிடிக்க முடியாமல் போனதால்தான் அது மனிதனிடம் வந்தது என்று கார்பெட் எழுதி வைத்திருக்கிறார்.

நம் நாட்டில் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977-லிருந்து யானை அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது. சுட்டால் குறைந்தது மூன்று ஆண்டு சிறை. ஆகவே உங்கள் வயலிலோ ஓடைக்கரையிலோ நொண்டுகிற, புண்ணில் ஈ மொய்க்கிற யானையைப் பார்த்தால், ஆட்களைக் கூட்டிக் கொண்டு விரட்டப் போகாதீர்கள். எந்த இடம், எத்தனை மணி, எந்தக் கால் என்று குறித்துக் கொண்டு அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லி விடுங்கள். அந்தத் தடத்தில் இரவுக் காவலுக்குப் போகிற பக்கத்துத் தோட்டக்காரருக்கும் பொழுது சாய்வதற்குள் தகவல் போகட்டும்.