மட்கலத் தொழிலும் அதனைக் கற்பித்தலும்

ஒரு தொழில் இரு வழிகளால் நிலைபெறும். தந்தையிடமிருந்து மைந்தனுக்கு இறங்குவது ஒன்று. விரும்பினார் எவரும் ஆசிரியரை அடைந்து முறையாகக் கற்றுக்கொள்வது மற்றொன்று. நம்மவர் மட்கலத் தொழில் நெடுங்காலம் முதல் வழியையே பற்றி நின்றது. அவ்வழி இப்பொழுது தூர்ந்து வருதல் கண்கூடு. கயத்தாறு, கோவில்பட்டி முதலிய கரிசற்சீமை ஊர்களில் பாட்டன் சுழற்றிய திகிரி சுவரிற் சாத்திக் கிடக்க, பேரன் அதனைத் தொட்டறியாது வளர்கின்றான். சென்னை, புதுச்சேரி முதலிய நகரங்களிலோ கட்டணம் செலுத்தி மண் பிசையக் கற்பார் பலர். இவ்விரண்டினையும் ஒருங்கு வைத்து எண்ணுமாறு, இத்தொழிற் கல்வி நடந்துவந்த வரலாற்றைச் சுருங்க உரைக்கின்றோம்.

பழந்தமிழ் நூல்கள் குயவனை 'வேட்கோ' என்றும், 'கலஞ்செய்கோ' என்றும் குறிக்கின்றன. புறநானூற்று 32-ஆம் பாட்டில், கோவூர் கிழார் சோழன் நலங்கிள்ளியின் ஆற்றலைக் கூற வந்தவர், குயச்சிறுவர் திகிரியில் வைத்த பசுமண் அவர் கருதிய வடிவமெல்லாம் கொள்ளுதலை உவமையாக்கினார். உவமைக்கு வந்தோர் முதியோரல்லர், சிறுவர் என்பது நோக்கத்தக்கது. அந்நாளில் இளமையிலேயே இத்தொழில் கைவந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. கல்வியும் அவர்க்கு அயலதன்று. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனிடமே, புறப்புண் நாணி வடக்கிருந்த பகைவன் அவனினும் நல்லன் என்று துணிந்து பாடியவர் வெண்ணிக்குயத்தியார். தில்லையில் அடியார்க்குத் திருவோடு வனைந்தளித்த திருநீலகண்ட நாயனார் அறுபத்து மூவருள் ஒருவர்.

நூற்சான்று இவ்வாறாக, மண்ணுட் புதைந்த சான்று நமக்கு மிக அணித்தேயுள்ளது. பொருநைக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மனியரான யாகோர் என்பவரும், அவர்க்குப் பின் அலெக்சாண்டர் ரீ என்பவரும் அகழ்ந்து முதுமக்கட் டாழிகள் பலவற்றைக் கண்டனர். 2004-05-இல் இந்தியத் தொல்லியல் துறையினர் மீண்டும் அகழ்ந்தனர். சிவகளைத் தாழியொன்றினுள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021-இல் அறிவிக்கப்பட்டது. ஆளை உள்ளடக்கும் அத்தாழி திகிரியில் ஒரே முறையில் எழுப்பத்தக்கதன்று; பகுதி பகுதியாக உயர்த்தி, ஒவ்வொன்றும் சற்றே இறுகிய பின்னரே அடுத்ததனை ஏற்றல் வேண்டும். அங்குக் கிடைக்கும் கறுப்பும் சிவப்புமான கலங்களை நோக்குக. கலத்தைக் கவிழ்த்துச் சுட்டமையால் காற்றுப் படாத உட்புறம் கறுத்தது. காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது. தீயையும் காற்றையும் இவ்வாறு ஏவல்கொண்டோர் ஏடெழுதி வைத்தாரல்லர். அவர் அறிவு கைவழியாகவே இறங்கியது. ஒரு தலைமுறை கையை மடக்கிக்கொள்ளின் அவ்வறிவு அற்றொழியும். கைவழிக் கல்வியின் பெருமையும் அச்சமும் இதுவே.

நம் நிலத்தின் இயல்பே இக்கல்வியின் அருமையை உணர்த்தும். கரிசல் மண் நீருண்டாற் பெருக்கும்; காய்ந்தாற் சுருங்கி வெடிக்கும். அம்மண்ணை மட்டும் கொண்டு வனைந்த பானை உலரும்போதே கீறும். ஆதலின் கண்மாய்க் களிமண்ணைத் தேர்ந்து, மணலை அளவறிந்து கலக்கின்றனர். எத்துணைக் கலப்பதென்பது மண்ணை விரலிடை வைத்து நெருடி அறிவதன்றி, நூலிற் படித்து அறிவதன்று.

இத்தொழிலைக் குடிக்கு வெளியே பள்ளி வைத்துக் கற்பிக்கும் முயற்சி 1850-இல் சென்னையில் வேரூன்றியது. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் ஆங்குக் கலைப்பள்ளியொன்று நிறுவினார்; மறு ஆண்டில் தொழிற்பள்ளியும் சேர்ந்தது. மட்பாண்டமும் அங்கே பாடமாயிற்று. பின்னர் அரசாங்கம் அதனை ஏற்றது. ஆயின் வரலாற்றின் விந்தையைக் காண்மின்! அதே பள்ளியில் 1898-இல் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கினார். இலேசானதும் உடையாததுமான அப்பாத்திரம் நாளடைவில் நாடெங்கும் பரவி, நம் சோற்றுப்பானையையும் குழம்புச் சட்டியையும் அடுப்பினின்று இறக்கிற்று. மட்கலம் கற்பித்த கூரையின் கீழேயே அதற்குப் போட்டியும் பிறந்தது.

அயல்நாட்டிலும் இந்நிலை நேர்ந்ததுண்டு. ஜப்பானில் மாஷிகோ என்பது சமையற் கலங்களே வனைந்துவந்த சிற்றூர். பெர்னார்டு லீச் என்னும் ஆங்கிலேயர் 1911-இல் தோக்கியோவில் ஒரு கூட்டத்தில் விளையாட்டாகக் கலமொன்றில் ஓவியம் தீட்டினார். அது சுடப்பட்டு வந்ததைக் கண்டு மனம் பறிகொடுத்து, முதிய ஆசிரியரொருவரை அடைந்து மாணாக்கரானார். 1920-இல் அவரும் ஹமாதா ஷோஜி என்பவரும் இங்கிலாந்தில் மட்கலச் சாலை அமைத்தனர். ஹமாதா பின்னர் மாஷிகோவில் தங்கி அவ்வூர் மண்ணையே கொண்டு வனைந்தார். 1955-இல் ஜப்பானிய அரசு அவரை நாட்டின் உயிருள்ள செல்வங்களுள் ஒருவராக மதித்தது. சிற்றூரும் புகழூராயிற்று. நம் பக்கத்தே, புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கர், டெபொரா ஸ்மித் என்னும் அமெரிக்கர் இருவர் கோல்டன் பிரிட்ஜ் மட்கலச் சாலையை நிறுவிப் பல ஊர் மாணாக்கர்க்குக் கற்பித்தனர்.

புதிதாய்க் கற்க வருவோர் கற்பது யாது? முதலில் மண்ணை மிதித்தும் பிசைந்தும் கல்லும் காற்றும் நீங்கப் பதப்படுத்தல். அடுத்து, சுழலும் திகிரியின் நடுவே மண்ணை ஆடாது நிறுத்தல். இவ்வொன்றற்கே சிலர்க்குப் பல நாட்கள் செல்லும். நடுநில்லாத மண் எத்துணை வலிந்து பிடிப்பினும் கோணியே எழும். கைவலி பெருக்குவோன் தோற்பான், மூச்சடக்கி முழங்கையை ஊன்றுவோன் வெல்வான். பின்னர்ப் பெருவிரலாற் குழிசெய்தல், சுவரை மெல்ல எழுப்புதல், நூலால் அறுத்தெடுத்தல், நிழலில் உலர்த்துதல், பலகையும் கல்லும் கொண்டு தட்டி அடிப்புறம் மூடுதல், இறுதியிற் சூளை. உள்ளே ஈரம் எஞ்சின் சூளையில் வெடிக்கும். பதற்றமுடையார்க்குத் தீயே ஆசிரியன். நம் வீடுகளில் இவற்றை ஒருவரும் பாடமாகச் சொல்லித் தந்ததில்லை. பிள்ளை அருகிருந்து கண்டான், கண்டு கற்றான். இன்று அருகிருக்கும் பிள்ளை இல்லை. ஆதலின் காட்சியாயிருந்ததனைப் பாடமாக்குதல் இன்றியமையாததாயிற்று.

அரசினரும் இதனை உணர்ந்துள்ளனர். காதி கிராமத் தொழில் ஆணையம் 2018-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ்க் குயவர்க்குப் பயிற்சியும் மின்திகிரியும் அளிக்கப்பட்டன. புதுச்சேரி வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் முனுசாமி கிருஷ்ணபக்தர் 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மானாமதுரை மட்பாண்டத்திற்கு 2023-இல் புவிசார் குறியீடு கிட்டியது.

இனி நம்முள் எழும் தடைகள் இரண்டு. "மண்ணை மிதித்தது போதும்; பிள்ளைகள் படித்து உத்தியோகம் பார்க்கட்டும்" என்பது முதலாவது. இது வெறுக்கத்தக்க சொல்லன்று. மழைக்காலத்தில் சூளை நனைந்து அடுப்பு எரியாத வீட்டின் துயரறிந்தோர் சொல். பள்ளிக்கூடத்தை விட்டுத் திகிரிக்கு வருக என்று ஆசிரியத் தொழிலுடைய நாம் ஒருக்காலும் சொல்லோம். குலத்தின்மேற் சுமத்திய தொழில் தளை. விரும்பிக் கற்ற தொழில் அணி. படித்தவன் கையிலும் திகிரி சுழலலாம் என்பதே நம் கருத்து. "குலவித்தையைப் பிறர்க்குத் திறந்து வைப்பதோ?" என்பது இரண்டாவது தடை. பிறர் கற்றலால் நம் தொழில் குறைந்ததில்லை. நாம் கல்லாமையாற் குறைந்தது. கற்பிக்கும் இடத்தில் நம் முதியோர் அமர்வரேல், கட்டணமும் மதிப்பும் அவரையே சாரும். பிறர் அமரின் நாம் வேடிக்கை பார்ப்போம்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். நம் சங்கம் வாரத்தில் ஒரு நாள், இரண்டு திகிரிகளும் ஒரு சிறு சூளையும் கொண்டு, தொடக்க வகுப்பொன்று நடத்துமாக. கை ஓயாத முதியவர் ஒருவரை ஆசிரியராக இருத்தி, அவர்க்குத் தவறாது ஊதியம் அளிப்போமாக. பையன்களோடு பெண்மக்களையும், நம் குலத்தாரோடு பிற குலத்தாரையும் சேர்ப்போமாக. மண் கலக்கும் அளவையும் சூளை அடுக்கும் முறையையும் அவர் வாய்ச்சொல்லாகவே எழுதி வைப்போமாக. கண்மாய் மண்ணெடுக்க வட்டாட்சியரிடமே அனுமதி பெறும் வசதி 2024 முதல் உள்ளது, அதனையும் பயன்கொள்வோமாக.

மூவாயிரம் ஆண்டு கை மாறி வந்த அறிவு நம் காலத்தில் கை நழுவிற்று என்ற சொல் நம்மேல் வாராதிருக்கட்டும்.