கிலோ கணக்கில் போன ஜாஸ்

எங்க காரைக்காலில் "சைகோன்காரர் வீடு" என்று சில வீடுகளைச் சொல்வார்கள். பிரெஞ்சு ஆட்சியில் சைகோனுக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய குடும்பங்கள். நான் பத்தாவது படிக்கும்போது அப்படி ஒரு வீட்டைக் காலி செய்தார்கள். ஒரு பெட்டி இசைத்தட்டுகள் பழைய பேப்பர்காரர் தராசில் ஏறின. மேல் தட்டின் லேபிளில் "ஃபாக்ஸ்ட்ராட்" என்று இருந்தது. என்ன எழவோ என்று விட்டுவிட்டேன்!

அது ஒரு நடனத்தின் பெயர். 1920, 30களில் வந்த ஜாஸ் தட்டுகள் பலவற்றில் "ஜாஸ்" என்ற சொல்லே இருக்காது, இந்த நடனத்தின் பெயர்தான் இருக்கும். பழைய புத்தகம், இசைத்தட்டு தேடி அலையும் வியாபாரிக்கு முதல் பாடமே இதுதான்.

இந்தியாவில் அப்படி என்ன கிடைக்கும் என்கிறீர்களா? டெடி வெதர்ஃபோர்டு என்ற கறுப்பின அமெரிக்கப் பியானோ கலைஞர் சிகாகோவில் பெயர் வாங்கியவர். பம்பாய் தாஜ் ஹோட்டலிலும், போர்க்காலத்தில் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலிலும் வாசித்தார். கல்கத்தாவிலேயே கொலம்பியா கம்பெனிக்காகப் பதிவு செய்தார். 1945-ல் அங்கேயே காலராவில் இறந்தார். அந்தத் தட்டுகள் இங்கே அச்சானவை. அதனால் வெளிநாட்டு ஜாஸ் சேகரிப்பாளர்கள்கூட இந்தியப் பழைய சந்தைகளைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அரக்கில் செய்த தட்டு வேறு, கை தவறினால் அப்பளம்தான்.

இன்னொரு சூட்சுமம். இந்திய ஜாஸ் பாதி இந்திப் படத் தட்டுகளுக்குள் ஒளிந்திருக்கிறது. கோவாக்காரரான டிரம்பெட் கலைஞர் சிக் சாக்லேட், இசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவுக்கு உதவியாளராக இருந்தவர். 1951-ல் வந்த 'அல்பேலா' பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள், புரியும். இந்தக் கதையெல்லாம் நரேஷ் ஃபெர்னாண்டஸ் 2012-ல் எழுதிய 'தாஜ்மஹால் ஃபாக்ஸ்ட்ராட்' புத்தகத்தில் விரிவாக இருக்கிறது. பழைய தட்டு தேடுபவர்களுக்கு அதுவே ஒரு வழிகாட்டி.

நம்ம பக்கத்தில் இந்தத் தேடலுக்குப் பெயர் போன இடம் சென்னை மூர் மார்க்கெட். பழைய புத்தகமும் கிராமபோன் தட்டும் அடுத்தடுத்த கடைகளில் கிடைத்தன. 1985-ல் தீப்பிடித்து எரிந்தது. எங்க பி.காம் பாடத்தில் சரக்கிருப்பை அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிடச் சொல்வார்கள். எரிந்துபோன அந்தச் சரக்கை எந்த விலையில் எழுதுவது?

பேப்பர்காரர் மேல் கோபமில்லை. அவர் எடைக்குச் சரியாகக் காசு கொடுத்தார். லேபிளைப் படித்தவன் நான்தான்.