தாயிருக்க அனாதை

என் தங்கையின் கணவர் இறந்து, அந்தியேட்டி முடிந்த இரண்டாம் கிழமை ஒரு தடித்த கடிதம் வந்தது. அரச ஓய்வூதியக் காப்புறுதி, இங்கே எல்லோரும் சொல்கிற ஆ-ஹா-ஃபவ், அனுப்பியது. அவளுக்கு விதவைக் கொடுப்பனவு, பிள்ளைக்கு ‘வைஸன்றென்ட்ட’. தங்கை நன்றாக யேர்மன் பேசுவாள். ஆனாலும் அந்தச் சொல்லில் நின்றுவிட்டாள். தொலைபேசியில் என்னிடம் கேட்டாள்: “அண்ணா, வைஸ எண்டால் அனாதையெல்லோ? நான் உயிரோடதானே இருக்கிறன். இவள் எப்பிடி அனாதை?”

அது சட்டச் சொல்தான், கையெழுத்தைப் போடு என்றேன். மென்பொருள் ஆலோசகனிடம் கேட்டால் அப்படித்தான் பதில் வரும். அவள் இரண்டு நாள் கழித்தே கையெழுத்திட்டாள். அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

சட்டத்தின்படி அந்தக் கடிதத்தில் பிழை எதுவும் இல்லை. தாய், தந்தை இருவரில் ஒருவர் இறந்தாலே பிள்ளைக்கு அந்த உதவித்தொகை உண்டு. பதினெட்டு வயதுவரை, படித்துக்கொண்டிருந்தால் 25 வரை. யூனிசெஃப் கணக்கும் அப்படியே. 2015இல் உலகில் ஏறக்குறைய 14 கோடி ‘ஓர்ஃபன்’கள் என்றது. அவர்களில் இருவரையும் இழந்தவர்கள் ஒன்றரைக் கோடி மட்டும்தான். மிச்சப்பேருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார். நன்கொடை கேட்கும் விளம்பரங்களில் பெரிய எண்தான் வரும், சின்ன எண் வருவதில்லை.

ஆங்கில ‘ஓர்ஃபன்’ கிரேக்க ‘ஓர்ஃபனொஸ்’ வழியாக வந்தது. அதற்கும் பின்னால் ஓர் இந்தோ-ஐரோப்பிய வேர் இருக்கிறது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுவது என்பது அதன் பொருளாக இருந்திருக்கலாம் என்பார்கள். சொத்துரிமையைக் குறிக்கும் யேர்மன் சொல்லான ‘எர்ப’ அதே வேரில் பிறந்தது. வேலையைக் குறிக்கும் ‘ஆர்பைட்’டும், செக் மொழியில் கட்டாய உழைப்பைக் குறித்த ‘ரோபொத்தா’வும் அதே குடும்பம் என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். 1920இல் கரேல் சாப்பெக்கின் நாடகத்தால் உலகுக்குக் கிடைத்த ‘ரோபோ’ அந்த ரோபொத்தாவின் பிள்ளை. தகப்பனை இழந்த பிள்ளை ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும். போன இடத்தில் வேலை செய்யும். அகராதியில் இவை பக்கத்துப் பக்கத்து வீடுகள். (என் தொழிலிலும் இந்தச் சொல் உண்டு. யுனிக்ஸில் தாய்ச் செயல்முறை முடிந்துபோனால், அது தொடக்கிய சேய்ச் செயல்முறைக்கு ஓர்ஃபன் என்று பெயர். வழமையாக முதலாம் இலக்கச் செயல்முறை அதைத் தத்தெடுத்துக்கொள்ளும். கணினி இந்த விடயத்தில் மனிதரைவிட ஒழுங்கு.)

எங்கள் ‘அனாதை’க்குப் பெற்றோருடன் நேரடித் தொடர்பே இல்லை. வடமொழியில் ‘நாதன்’ என்றால் காப்பவன், தலைவன். நாதன் இல்லாதவர் அநாதர். ‘நாதியற்றவன்’ என்று ஊரில் திட்டுவதும் இதையே. ‘கதி’ இல்லாதவர் அகதி. அகதிக்கு ஆகாயமே துணை என்ற பழமொழியில் வருபவர் விசாவுக்கு அலைந்தவர் அல்ல, போக்கிடம் இல்லாத ஏழை. யோவான் நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் ‘ஓர்ஃபனொஸ்’ வரும் இடத்தில் லூத்தர் ‘வைஸன்’ என்றார், தமிழ் விவிலியம் ‘திக்கற்றவர்கள்’ என்றது. எனக்குத் தமிழ்தான் பிடித்திருக்கிறது. யார் செத்தார் என்று அது கேட்கவில்லை. யார் இருக்கிறார் என்று கேட்கிறது. தங்கை குழம்பியதும் இதனால்தான். அவளுடைய மொழியில், தாய் இருக்கும்வரை பிள்ளைக்குத் திக்கு உண்டு.

சுவிசில் ‘வைஸ’ என்ற சொல் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பிறகுதான் பார்க்கத் தொடங்கினேன். பேர்ண் நகரில் வைஸன்ஹவுஸ்பிளாட்ஸ், அனாதை இல்லச் சதுக்கம், நம்மவர் பலர் கடந்துபோன இடம். 1780களில் ஆண்பிள்ளைகளுக்காகக் கட்டிய அந்த இல்லத்தில் இப்போது காவல்துறை இருக்கிறது. சூரிச்சிலும் அதே கதை: 1771இல் கட்டி முடித்த அனாதை இல்லம் இன்று நகரக் காவல்துறையின் தலைமையகம். தற்செயல்தான். ஆனாலும் ஒரு காலத்தில் இரண்டு வேலைகளும் அவ்வளவு தூரத்தில் இருக்கவில்லை.

இல்லத்துக்குப் போனவர்கள் ஒரு பங்கு. இன்னொரு பங்கு பண்ணைகளுக்குப் போனது. ‘ஃபெர்டிங்கிண்டர்’ என்று பெயர். ஒப்பந்தம் பேசி ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல ஊர்களில் இதற்கு ஏலமே நடந்தது, தலைகீழான ஏலம். பிள்ளையை வைத்திருக்க ஊரிடமிருந்து ஆகக் குறைந்த பணம் கேட்கும் விவசாயிக்குப் பிள்ளை போகும். குறைத்துக் கேட்டவன் மிச்சத்தைப் பிள்ளையின் முதுகில் எடுத்துக்கொள்வான். லூட்செல்ஃப்ளூ பாதிரியார் ஆல்பெர்ட் பிட்சியுஸ் 1837இல் அப்படியொரு பிள்ளையைக் கதாநாயகனாக்கி நாவல் எழுதினார். அந்த நாயகனின் பெயரையே, யெரெமியாஸ் கோட்ஹெல்ஃப் என்று, தன் புனைபெயராகவும் வைத்துக்கொண்டார். ஏலம் நின்றபிறகும் ஒப்படைப்பு நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பின்பாதிவரை நடந்தது.

இந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் இருந்தார்கள். தாய் மணமாகாதவள், அல்லது தகப்பன் ஏழை, அல்லது விவாகரத்தான வீடு. நாடோடி யெனிஷ் மக்களிடமிருந்து 1926 முதல் 1973 வரை அறுநூறு பிள்ளைகள் அளவில் பிரிக்கப்பட்டார்கள். பெற்றோர் உயிரோடு இருந்ததே அங்கே குற்றமாகப் பார்க்கப்பட்டது. 2013 ஏப்ரலில் அமைச்சர் சிமொனெத்தா சொமருகா அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டம், பாதிக்கப்பட்டு விண்ணப்பித்தவர்களுக்கு ஆளுக்கு 25,000 பிராங்க் கொடுத்தது. வாங்கியவர்கள் பலர் எண்பதைத் தாண்டியிருந்தார்கள்.

இதை வாசிக்கும்போது எனக்கு இது அவர்களுடைய கதை என்றே இருந்தது. பிறகு இலங்கை வந்தது.

1973க்கும் 1997க்கும் இடையில் 881 இலங்கைக் குழந்தைகள் தத்தெடுப்புக்காக இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். நம்மில் முதலாமவர்கள் அகதி விண்ணப்பத்தோடு வந்திறங்கிய அதே 80களில்தான் அவர்களில் பலர் வந்தார்கள். நமக்கு விசாரணை, அவர்களுக்குத் தொட்டில். அனாதைகள் என்று நம்பித்தான் பல குடும்பங்கள் எடுத்தன. ஆனால் தாய்மார் இருந்தார்கள். சிலரிடம் குழந்தை விலைக்கு வாங்கப்பட்டது. சில இடங்களில் தாயாக நடிக்க வேறொரு பெண் கூட்டிவரப்பட்டாள். சூரிச் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழக ஆய்வு 2020இல் வெளியானது. சுவிஸ் அதிகாரிகளுக்கு முறைகேடுகள் பற்றி அப்போதே தெரிந்திருந்தது என்று அது காட்டியது. அந்த டிசம்பரில் அரசு வருத்தம் தெரிவித்தது. இந்தியாவிலிருந்து சூரிச், துர்காவ் மாநிலங்களுக்கு வந்த பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு பின்னர் நூலானபோது அதற்கு வைத்த தலைப்பு: ‘தாய் தெரியாது’.

நான் வேலைசெய்த ஓரிடத்தில் நம்முடைய நிறத்தில் ஒரு பெண் இருந்தார். பெயரும் பேச்சும் முழுக்க சென்ட் காலன். முதல்நாள் நான் தமிழில் வணக்கம் சொல்லி அசடு வழிந்தேன். சில மாதங்கள் கழித்து அவர் ஒரு தாளின் படத்தைக் காட்டி, “இது உங்களுக்கு வாசிக்க வருமா?” என்று கேட்டார். சிங்களம். எனக்கு வராது. அவர் முகத்தில் இருந்ததைப் பார்த்தபிறகு வராது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கொழும்பில் கூடப்படித்த நண்பனுக்கு அனுப்பினோம். அரைமணித்தியாலத்தில் பதில் வந்தது. தாயின் பெயர் என்ற இடத்தில் ஒரு பெயர் இருந்தது. ஊரும் இருந்தது. அது பெற்றவளின் பெயரா, கூட்டிவந்தவளின் பெயரா என்று அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.