டீம் போர்டு இருக்கு... தனியா ஒரு நேரக் கணக்கு எதுக்கு?

சாயங்காலம் ஆறரை மணி. காலையிலிருந்து நாற்காலியைவிட்டு எழுந்ததுகூட இல்லை. ஆனால், 'இன்னிக்கு என்ன முடிச்சீங்க?' என்று டீம் லீட் கேட்டால், சட்டென்று பதில் வரமாட்டேன் என்கிறது. போர்டைத் திறந்தால், உங்கள் பெயரில் இருக்கும் அந்த ஒரே கார்டு மூணு நாளா 'இன் புராக்ரஸ்' வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறது. உங்களுக்கும் இப்படி நடக்கிறதா? நீங்கள் சோம்பேறி என்று அர்த்தமில்லை. உங்கள் கேள்விக்கு அந்த சாஃப்ட்வேரிடம் பதில் இல்லை, அவ்வளவுதான்.

ஜிரா, ட்ரெல்லோ, ஆசானா, நம்ம ஊர் ஸோஹோ புராஜெக்ட்ஸ் எல்லாமே குழுவுக்காக உருவானவை. எந்த வேலை யார் கையில் இருக்கு, எந்த நிலையில் இருக்கு, எப்போ முடியணும் என்பதைத்தான் முதலில் காட்டும். இந்த கார்டு வரிசைகளுக்கு மூலம், ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலைகளில் பயன்பட்ட 'கான்பான்' அட்டைகள். எந்தப் பாகம், எத்தனை வேண்டும் என்று முந்தைய பிரிவுக்குச் சொல்வதுதான் அந்த அட்டையின் வேலை. அதைச் செய்யும் ஆளோட நாள் எப்படிப் போச்சு என்பது அதில் இருக்காது.

தனிநபர் டைம் டிராக்கிங் அப்படியே நேரெதிர். டாகிள், கிளாக்கிஃபை மாதிரி ஆப்களில் வேலையைத் தொடங்கும்போது ஒரு பட்டன், நிறுத்தும்போது ஒரு பட்டன். ஓர் உதாரணம் பார்ப்போம். போர்டில் மூணு நாள் கிடந்த ரிப்போர்ட்டுக்கு, நீங்கள் உண்மையில் செலவழித்தது 4 மணி நேரம். மீதி? ரெண்டு மீட்டிங், புதுசா சேர்ந்தவரின் சந்தேகம், திடீரென்று வந்த ஒரு கஸ்டமர் பிரச்னை. இதற்கெல்லாம் கார்டே கிடையாது. கார்டு இல்லாத வேலை, அப்ரைசலில் செய்யாத வேலை!

இன்னொரு லாபமும் உண்டு. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுவோம். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதற்கு 'திட்டமிடல் பிழை' என்று பொருள்படும் பெயரை வைத்துவிட்டார்கள். போன தடவை அதே மாதிரி வேலைக்கு எவ்வளவு ஆச்சு என்று பார்ப்பதுதான் இதற்கு மருந்து. அந்தக் கணக்கு கையில் இருந்தால், 'நாளைக்கே முடிச்சுடலாம் சார்' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு ராத்திரி கண்விழிக்க வேண்டியதில்லை.

எப்படி ஆரம்பிப்பது? ரெண்டு வாரம் போதும். ஆறு தலைப்புக்கு மேல் வேண்டாம்: முக்கிய வேலை, மீட்டிங், மெயில் மற்றும் சாட், அடுத்தவருக்கு உதவி, திடீர் வேலை, இடைவேளை. டைமரை ஆன் செய்ய மறந்தால் பரவாயில்லை, தோராயமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆப் எதுவும் பிடிக்கவில்லையென்றால் ஒரு நாற்பது பக்க நோட்டு தாராளம். (எந்த ஆப் சிறந்தது என்று அரைநாள் ரிவ்யூ படிப்பவர்கள், அந்த அரைநாளையும் எழுதிவிடுங்கள்.)

இதில் கவனிக்கவேண்டிய விஷயம், அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள் என்பது. ஜிராவிலும் ஸோஹோ புராஜெக்ட்ஸிலும் நேரம் பதியும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். அது கிளையன்ட்டுக்கு பில் போடவும் மேனேஜர் பார்க்கவும் பயன்படுவது. அங்கே யாருமே 'முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்' என்று எழுதமாட்டார்கள். எட்டு மணி நேரம் ரவுண்டாக விழும். உங்களுக்கான கணக்கு உங்களிடமே இருக்கட்டும். ரெஸ்க்யூடைம் மாதிரி, திறக்கும் ஆப்களையும் தளங்களையும் தானாகக் குறித்துக்கொள்பவற்றை ஆபீஸ் லேப்டாப்பில் கேட்காமல் போடாதீர்கள். கிளையன்ட் விவரம் வெளியே போய்விட்டால் சிக்கல்.

ஃப்ரீலான்ஸர்களுக்கு விஷயமே வேறு. மணிக்கணக்கில் பில் போடுபவருக்கு டிராக்கர்தான் சம்பளச் சீட்டு. போர்டு இல்லாமலும் சமாளிக்கலாம்.

மேனேஜரிடம் பேசப் போகும்போது முழு நோட்டையும் நீட்டவேண்டாம். 'வாரத்துல பத்து மணி நேரம் மத்த டீமோட பிரச்னையைத் தீர்க்கறதுக்கே போகுது. இதுக்கும் போர்டுல ஒரு கார்டு போடலாமா?' என்று ஒரே ஒரு எண்ணோடு கேளுங்கள். கார்டு வந்துவிட்டால், அடுத்த ஸ்பிரின்ட்டில் உங்களுக்கு வேலை பிரிக்கும்போது அந்தப் பத்து மணி நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லலாம்.