அளந்த நெல்லும் அளக்காத உணவும்

தஞ்சை டெல்டாவின் வரலாறு பெரும்பாலும் நெல்லின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்த நெல்லை நட்டு அறுத்தவர்கள் வயதான காலத்தில் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை இந்த நினைவு மேடையில் நாம் பேசியாக வேண்டும்.

திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. கல்லணையும் அருகில்தான். தண்ணீருக்குக் குறைவில்லாத இந்த மண்ணில் பண்ணையாளின் கூலி மரக்காலில் அளக்கப்பட்டது. நம் போராட்டங்களும் அந்த அளவைச் சுற்றியே நடந்தன. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதற்குப் பின்னாலும் நெற்கூலி உயர்வுக் கோரிக்கை இருந்தது.

ஆனால் சேரியின் உணவில் யாரும் அளந்து கொடுக்காத ஒரு பகுதியும் உண்டு. வயல் நண்டு, நத்தை, வாய்க்கால் கெண்டை, எலி, வரப்போரத்து ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி, மாட்டுக்கறி. ஊர் இழிவென்று பழித்த இந்த உணவுதான் நம் முன்னோரின் எலும்பையும் தசையையும் காப்பாற்றியது. அதற்காகப் பழைய காலத்தை நாம் போற்றவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வேலையில்லாமல் சேரி பட்டினி கிடந்ததும் அதே காலத்தில்தான்.

1960இல் தீவிர வேளாண்மைத் திட்டம் தஞ்சைக்கு வந்தது. சில ஆண்டுகளில் ஆடுதுறை 27 நெல்லும், ரசாயன உரமும், பூச்சிமருந்தும் வயலில் இறங்கின. விளைச்சல் கூடியது. நண்டும் நத்தையும் மீனும் குறைந்தன. களைக்கொல்லி கீரையைத் தின்றது. அறுவடை இயந்திரம் வந்தபின் கதிர் பொறுக்கவும் வழியில்லை. அன்று பதினைந்து வயதில் நாற்று நட்டவருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது.

மூப்பில் தசை தானாகவே கரையும். அதைத் தடுக்க உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது நாள்தோறும் வேண்டும் என்கிறது மருத்துவம். 45 கிலோ எடையுள்ள பாட்டிக்கு 45 கிராம். நூறு கிராம் அரிசியில் இருப்பது ஏறக்குறைய ஏழு கிராம்தான். பல் போன வாய்க்குச் சோறும் ரசமும் இறங்கும். வயிறு நிறையும், கால் தள்ளாடும், புண் ஆறாது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023இல் 1200 ஆனது. 1983இல் சத்துணவு முதியோருக்கும் விரிந்தது. ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இவை பட்டினியைத் தடுத்தன. ஆனால் 1200 ரூபாய் என்பது நாளுக்கு 40 ரூபாய். மருந்து, பஸ், பேரப்பிள்ளைக்குத் தின்பண்டம் எல்லாம் போக, பருப்புக்கும் முட்டைக்கும் அதில் என்ன மிஞ்சும்?

“கீரை சாப்பிடுங்கள், முட்டை சாப்பிடுங்கள்” என்று அறிவுரை சொல்வது எளிது. ஒரு முருங்கை வைக்க, நாலு கோழி வளர்க்கக் கொல்லை வேண்டும். நிலமில்லாதவர் வீட்டுச் சுவர் முடியும் இடத்தில் அடுத்த வீட்டுச் சுவர் தொடங்குகிறது. ஆகவே முதியோரின் சத்துக்குறைவை வயதின் கணக்கிலோ அறியாமையின் கணக்கிலோ எழுதிவிட முடியாது. அது நிலத்தின் கணக்கு.

குழந்தைகளின் சத்துணவில் 1989இல் முட்டை சேர்ந்தது. வயலில் உழைத்துத் தேய்ந்தவர்களின் தட்டிலும் முட்டையும் பயறும் அன்றாடம் உரிமையாக வர வேண்டும். மனைப்பட்டா கேட்கும்போது கொல்லைக்கும் சேர்த்தே கேட்போம். கூலி நெல்லுக்காக நின்ற தலைமுறைக்கு நாம் பட்ட கடன் இது.