பேட்டரிக்கு ஊத்துற தண்ணி

2012-ஐ எங்க திருவண்ணாமலை பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டாங்க. சென்னைக்கு அப்போ ஒரு நாளைக்கு 2 மணி நேரம் மின்வெட்டு. மாவட்டங்கள்ல பல நாள் 12 மணி நேரத்தையும் தாண்டும். கிராமத்து வீட்டுக்குள்ள பேட்டரி பரவலா நுழைஞ்சது அந்தக் காலத்துலதான். முதல்ல இன்வெர்ட்டரோட வந்தது, அப்புறம் மாடியில சோலார் தகட்டோட.

அதுக்கு முந்தின வருஷம்தான் அரசு பசுமை வீடு திட்டத்தை அறிவிச்சது. 300 சதுர அடி வீடு, அதுல 5 சூரிய விளக்கு. 2012 அக்டோபர்ல மாநிலத்துக்கே சூரிய மின்சக்திக் கொள்கை வந்தது. சோலார்னாலே புதுசுன்னு எல்லாரும் பேசினோம்.

ஆனா பாதிதான் புதுசு. மாடியில இருக்கிற சிலிக்கான் தகடு 1954-ல அமெரிக்காவோட பெல் ஆய்வகத்துல பிறந்தது. கீழ இருக்கிற ஈய-அமில பேட்டரி 1859-ல பிரான்சு நாட்டு காஸ்தோன் பிளான்டே செஞ்சது. 95 வருஷம் மூத்தது. தகட்டைத் துடைச்சு விட்டா 25 வருஷம் உழைக்கும். பேட்டரிக்கு ஆள் கவனிப்பு வேணும்.

சார்ஜ் ஏறும்போது உள்ள இருக்கிற தண்ணி ஹைட்ரஜனாவும் ஆக்சிஜனாவும் பிரிஞ்சு வெளியேறும். அதனால காத்தோட்டமான இடத்துல வைக்கணும். குறையுறது தண்ணிதான், ஆசிட் இல்ல. அதனால டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்தணும். போர் தண்ணியில இருக்கிற உப்பும் இரும்பும் உள்தகட்டைக் கெடுத்துடும். சார்ஜ் இறங்கின பேட்டரியை அப்படியே போட்டு வச்சா தகட்டுல ஈய சல்பேட் படிஞ்சு கெட்டியாயிடும். அப்புறம் சார்ஜே ஏறாது. டியூபுலர் பேட்டரின்னா முழு சார்ஜ்ல ஹைட்ரோமீட்டர் 1240 கிட்ட காட்டணும்.

இதையெல்லாம் விளக்கு மாட்ட வந்தவங்க நின்னு சொல்லிக் கொடுத்த வீடு கம்மி. அதனாலதான் தகடு பளபளன்னு வெயில் காயுது, கீழ பேட்டரி செத்துக் கிடக்குது. புதுசு வாங்கணும்னா ரெண்டு மூணு மூட்டை மல்லாட்டை வித்த காசு போயிடும். லித்தியத்துக்கு தண்ணி வேலை கிடையாது. விலைதான் எங்களுக்கு எட்டல.

எங்க மலையில கார்த்திகை தீபம் 11 நாள் எரியுது. ஒரு தடவை ஏத்தினதோட விட்டுட்டா எரியாது. தினமும் நெய் சுமந்துட்டு மேல ஏற ஆள் இருக்கு.

நீங்களும் இன்வெர்ட்டர் வச்சிருப்பீங்களே. கடைசியா எப்போ தண்ணி பாத்தீங்க?